பிழைக்கு ஒரு பிழைப்பு
கோ நிரல்மொழியில் பிழை நேரக்கூடிய எந்த ஃபங்ஷனைக் கூப்பிட்டாலும் விடையோடு 'எர்ர்' என்று ஒரு பிழை மதிப்பும் ஒட்டிக்கொண்டு வரும். அது 'நில்' (பிழை இல்லை) தானா என்று உடனே மூன்று வரி எழுதி விசாரிக்க வேண்டும். ஃபைலைத் திறந்தால் விசாரணை, படித்தால் விசாரணை. உருப்படியாக வேலை செய்கிற வரியைத் தேடித்தான் பிடிக்கணும்.

இதைச் சுருக்க 2018இல் 'செக்', 'ஹேண்டில்' என்று இரண்டு புதுச் சொற்களைக் கோ குழு முன்வைத்தது. 2019இல் 'ட்ரை' வந்தது. கிளம்பிய எதிர்ப்பில் அதே ஆண்டு வாபஸ். அப்புறம் ரஸ்ட் மொழியின் பாணியில் ஒரு கேள்விக்குறி. பாவம், அதுவும் போணியாகவில்லை. 2025 ஜூனில் கோ குழுவே பிழையைக் கையாள இப்போதைக்குப் புதுத் தொடரியல் யோசனையே வேண்டாம் என்று கடையைக் கட்டிவிட்டது. அந்த மூன்று வரி விசாரணையை எழுத எடிட்டரில் ஏஐ இருக்கிறதாம். படிக்கும்போது கண்ணை உறுத்தினால்? மறைத்துவைக்க எடிட்டரிலேயே ஒரு வசதி செய்துகொள்ளலாமாம்.