ரீஸ்டார்ட் சார்

லேப்டாப் மக்கர் செய்தால் சர்வீஸ் சென்டருக்குப் போன் போட வேண்டும் என்பது வாரண்டி அட்டையில் இருக்கிற சங்கதி. அபார்ட்மெண்டில் குடியிருப்பவர்கள் அப்படியெல்லாம் செய்வதில்லை. லிஃப்டில் ஏறி மூன்றாவது மாடியில் காலிங் பெல்லை அழுத்துவார்கள். கதவைத் திறக்கும்போதே சார் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருப்பார். பெல் அடிக்கிற தினுசை வைத்தே வந்திருப்பது கூரியரா, லேப்டாப்பா என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

சென்னையில் எந்த அடுக்ககத்தை எடுத்துக்கொண்டாலும் இப்படி ஒருவர் இருப்பார். வங்கியிலோ, மின்வாரியத்திலோ, தொலைபேசித் துறையிலோ வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆபீசுக்கு முதன்முதலாகக் கம்ப்யூட்டர் வந்து இறங்கியபோது மற்றவர்கள் அதற்குப் பொட்டு வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ள, இவர் மட்டும் "என்னதான் இருக்குன்னு பாத்துடலாமே" என்று பக்கத்தில் போனவர். அந்த ஒரு நாள் துணிச்சலின் வட்டியில்தான் இன்றும் காலட்சேபம். மகன் சாஃப்ட்வேரில் இருக்கிறான், வெளிநாட்டில். "அவனுக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாது" என்று சார் சொல்லும்போது குரலில் இருப்பது வருத்தம் இல்லை.

அவரிடம் முறையிடுவதற்கு ஒரு வாசகம் உண்டு. "சார், திடீர்னு கீபோர்டும் வேலை செய்யல, மவுஸும் வேலை செய்யல. நான் ஒண்ணுமே பண்ணல." முதல் வாக்கியத்தை அவர் நம்புவார். இரண்டாவதை இதுவரை நம்பியதில்லை.

"ஒண்ணுமே பண்ணாம அது எப்படிம்மா நிக்கும்?"

விசாரணை அங்கேயே தொடங்கிவிடும். சாப்பாட்டு மேஜையில் அன்றைய பேப்பரை விரித்து, லேப்டாப்பை அணைத்து, திறந்தபடியே கவிழ்த்துப் பிடித்து முதுகில் நாலு தட்டு தட்டுவார். பேப்பரில் உதிர்வதையெல்லாம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்து பார்ப்பார். ஒரு நகத்துண்டு, இரண்டு கடுகு, மூன்று நான்கு ஓமப்பொடித் துண்டுகள். ஓமப்பொடியை விரல் நுனியில் எடுத்து நசுக்கிப் பார்த்து, "இது தீபாவளிது" என்பார். அந்த வீட்டுப் பையன் சன்னல் பக்கம் பார்ப்பான். அடுத்து மோந்து பார்ப்பார். காபி கொட்டியதை ஒப்புக்கொண்ட குடும்பம் எதுவும் எனக்குத் தெரிந்து கிடையாது. ஆனால் சர்க்கரை போட்ட காபி விசையின் அடியில் பிசினாக ஒட்டிக்கொள்ளும். 'எஸ்' விசையை அழுத்தினால் எழுந்துவர மனமில்லாமல் கீழேயே கிடக்கும். "யாருக்கு இங்க சர்க்கரை தூக்கலா வேணும்?" என்று ஒரு கேள்வி போதும். வீட்டில் எல்லோர் பார்வையும் மாமனார் மேல் போகும்.

இதற்குப் பிறகுதான் அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த அந்தச் சொல்.

"ரீஸ்டார்ட் பண்ணீங்களா?"

"ராத்திரியே ஆஃப் பண்ணிட்டுக் காலையிலதான் சார் போட்டேன்."

"அது ஷட் டவுன். நான் கேட்டது ரீஸ்டார்ட்."

இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்பவர்களைச் சார் பார்க்கும் பார்வையில் முப்பது வருஷ கவுண்டர் அனுபவம் தெரியும். "ஷட் டவுன் பண்ணா அது தூங்குது. ரீஸ்டார்ட் பண்ணா குளிச்சிட்டு வருது" என்பார். கேட்பதற்கு உளறல் போல இருக்கும். ஆனால் 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல் நிலைமை ஏறக்குறைய அதுதான். மறுநாள் சீக்கிரம் எழுந்திருக்க வேண்டும் என்பதற்காக, ஷட் டவுன் கொடுக்கும்போது விண்டோஸ் தன் அடிப்படைப் பகுதியை அப்படியே வட்டில் எழுதி வைத்துவிட்டுப் படுக்கும். நேற்றுக் குழம்பிய கீபோர்டு டிரைவர் இன்று காலை அதே குழப்பத்தோடு எழுந்துவரும். ரீஸ்டார்டில் இந்தச் சலுகை கிடையாது, எல்லாம் முதலிலிருந்து. சாரைப் பற்றி எனக்கு இருக்கும் மரியாதை இங்கேதான் ஆரம்பிக்கிறது. அவர் சொல்லும் காரணம் ஒரு நாளும் சரியாக இருக்காது. செய்யும் காரியம் பெரும்பாலும் சரியாக இருக்கும்.

ரீஸ்டார்டுக்கும் மசியாவிட்டால் சார்ஜரைப் பிடுங்கச் சொல்லிவிட்டு, பவர் பட்டனில் கட்டைவிரலை வைத்து முப்பது வரை எண்ணுவார். உரக்கத்தான் எண்ணுவார். பக்கத்தில் யாரும் பேசக் கூடாது.

"எதுக்கு சார் இது?"

"உள்ள கரண்ட் தேங்கியிருக்கு. வடியணும்."

கீபோர்டைக் கவனித்துக்கொள்ளவென்று லேப்டாப்பின் உள்ளே தனியாக ஒரு சில்லு உண்டு. விண்டோஸ் தூங்கினாலும் அது தூங்காது. அதற்குப் பிடிவாதம் வந்துவிட்டால், பல மாடல்களில் பவர் பட்டனை நீண்ட நேரம் அழுத்திப் பிடிப்பதுதான் அதைப் புதிதாகத் தொடங்க வைக்கும் வழி. ஆக, சாரின் தேக்கக் கொள்கையில் கால்வாசி உண்மை இருக்கிறது. அந்தக் கால்வாசியை அவர் முழு ரூபாயாக மாற்றிச் செலவழிக்கிறார். குடும்பமே சுற்றி நின்று, முப்பது முடிந்ததும் எழுத்து ஓடுகிறதா என்று திரையைப் பார்க்கும். ஓடிவிட்டால் அன்று சாருக்கு டிகிரி காபி, பிஸ்கட்டோடு. காபியை லேப்டாப் பக்கம் வைக்காதீர்கள் என்று ஊருக்கெல்லாம் சொல்பவர், தன் டம்ளரை மட்டும் டச்பேடுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொள்வார்.

சிக்கலான கேஸ்களில் சாரின் முகம் மலரும். சுலபமானவற்றில்தான் எரிச்சல். ஒரு வீட்டுத் தாத்தா, உறவினர்களுக்கு ஈமெயில் எழுதும்போது அடுத்த வரியை யோசித்தபடி வலது ஷிஃப்ட் விசையின் மேல் சுண்டுவிரலைச் சாய்த்து வைப்பார். எட்டு விநாடி அப்படி அழுத்தினால் விண்டோஸ் ஒரு பெட்டியைக் காட்டி, விசைகளை வடிகட்டட்டுமா என்று கேட்கும். கை நடுங்குபவர்களுக்காக ஏற்படுத்திய வசதி அது. சட்டென்று தொட்டுவிட்டு எடுப்பதையெல்லாம் கணக்கில் எடுக்காது. "எது கேட்டாலும் எஸ் கொடுங்க தாத்தா" என்று பேரன் சொல்லிக்கொடுத்திருக்கிறான். தாத்தா எஸ் கொடுத்தார். அதன்பிறகு ஒவ்வொரு எழுத்தையும் அம்மியில் அரைப்பதுபோல அழுத்தினால்தான் விழுந்தது. சார் வந்து, எட்டு விநாடி ஷிஃப்டைப் பிடித்து அதை நீக்கிவிட்டு, காபிகூட வேண்டாம் என்று போய்விட்டார். பழைய லேப்டாப்பில் நம்லாக் விழுந்து, கே அடித்தால் 2, எல் அடித்தால் 3 என்று வந்து, பாஸ்வேர்டு ஏற்கவில்லை என்று புலம்பி வருகிறவர்களிடமும் இதே சிடுசிடுப்புதான்.

அவர் புகழின் உச்சம் ஒரு விஜயதசமிக் காலை. முதல் நாள் ஆயுத பூஜைக்கு லேப்டாப்பைத் திறந்து, திரை நிறையச் சரஸ்வதி படத்தை வைத்து, டச்பேடுக்குச் சந்தனம் குங்குமம் இட்டிருந்தார்கள். மறுநாள் அம்பு நகரவில்லை. பூஜையில் வைத்ததை மறுபூஜை முடியும் முன் எடுத்துப் படிக்கக் கூடாது என்ற ஐதீகத்தை இயந்திரமும் அனுசரிக்கிறது என்று வீட்டம்மா முதலில் பேசாமல் இருந்துவிட்டார். சார் வந்து பொட்டு இருக்கும் இடத்தைப் பார்த்தார். டச்பேடின் இடது மேல் மூலை. சில மாடல்களில் அந்த மூலையை இரண்டு முறை தட்டினால் டச்பேடு அணைந்துவிடும், ஓரத்தில் ஒரு சின்ன விளக்கு எரியும். "சந்தனம் வெக்கிறப்ப ரெண்டு தடவ அழுத்துனீங்களா?" என்றார். ஈரத்துணியால் துடைத்துவிட்டு, அதே மூலையில் இரண்டு தட்டு. அம்பு ஓடியது. வீட்டம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார், சரஸ்வதிக்கா சாருக்கா என்று தெரியவில்லை. வேறு மாடல்களில் இதே வேலையை எஃப் 6, எஃப் 9 என்று ஏதாவதொரு விசை செய்யும். கம்பெனிக்குக் கம்பெனி இடம் மாறும். அந்த விசைகளின் வரிசை முழுவதும் சாருக்கு மனப்பாடம். பேத்தியின் பிறந்தநாளை மட்டும் செல்போனில் பார்த்துத்தான் சொல்வார்.

வாட்ச்மேன் மகளின் அரசு லேப்டாப்பை அவர் பார்த்த அழகு தனி. 2011-இல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தின் பழைய கருவிகளில் ஒன்று, அக்காவிடமிருந்து தங்கைக்கு வந்தது. ஒரு பக்கம் விண்டோஸ், மறுபக்கம் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ். விண்டோஸில் கீபோர்டு ஓடவில்லை. சார் பாஸில் நுழைந்து தட்டிப் பார்த்தார். எழுத்து ஓடியது. "கீபோர்டு மேல தப்பில்லம்மா. விண்டோஸ்லதான் ஏதோ கோளாறு" என்று சொல்லி, டிவைஸ் மேனேஜருக்குப் போய்க் கீபோர்டு டிரைவரைத் தூக்கிவிட்டு மறுபடி ரீஸ்டார்ட். வட்டில் குற்றமா வயிற்றில் குற்றமா என்று பிரித்துப் பார்க்க இதைவிட நல்ல வழி பெரிய இன்ஜினியரிடமும் கிடையாது. அன்று மட்டும் அவர் எந்தக் காரணமும் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் சரியாக இருந்திருக்கும்.

காத்திருக்கும் நேரத்தில் பழைய காலத்தைப் பேசுவார். "ஊதா ஓட்டை கீபோர்டுக்கு, பச்சை ஓட்டை மவுஸுக்கு. குழப்பமே கிடையாது. இப்ப எல்லாம் யூஎஸ்பி, எல்லாத்துக்கும் ஒரே வாசல்." பிறகு, கீபோர்டையே காணோம் என்று சொல்லிவிட்டுத் தொடர எஃப் 1 அழுத்து என்று கேட்ட பழைய கம்ப்யூட்டரைப் பற்றிய ஜோக். அந்த ஜோக்குக்குச் சிரிப்பதுதான் நாம் கொடுக்கும் ஃபீஸ்.

எல்லாம் கைவிட்டால் அவர் வாயில் வரும் சொல் "ஃபார்மட்". அதைக் கேட்டதும் குழந்தையின் காதுகுத்துப் படங்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன என்று வீட்டில் ஒரு அழுகை கிளம்பும். அப்போதுதான் ரிச்சி தெரு. அண்ணா சாலையிலிருந்து உள்ளே திரும்பி, ஸ்பீக்கர் கடைகளையும் ஒயர் சுருள்களையும் தாண்டி, மாடிப்படி அடியில் ஒரு மேஜை அகலக் கடை. சாரும் கூடவே வருவார். "டிரைவர் பாத்தாச்சு, பயாஸ்ல பாத்தாச்சு, கேபிள் லூசா இருக்கும் பாரு" என்று ஒரு சர்வீஸ் ஹிஸ்டரியே சொல்லுவார். இருபது வயதுப் பையன் நிமிராமல் திருகாணிகளைக் கழற்றிக் காந்தத் தட்டில் போடுவான். ஒரு முறை அப்படி அடிமூடியைத் தூக்கியபோது, பேட்டரி அப்பளம் போல உப்பி, டச்பேடைக் கீழிருந்து முட்டிக்கொண்டிருந்தது.

"பாத்தீங்களா" என்றார் சார் என்னிடம். "தேங்கியிருக்குன்னு அன்னிக்கே சொன்னேனே!"

"கரண்ட் இல்ல சார். உள்ள கேஸ் ஃபார்ம் ஆயிருக்கு. குத்திடாதீங்க, தீப்பிடிச்சுக்கும். வேற பேட்டரிதான் போடணும்" என்றான் பையன்.

சார் ஒரு கணம் அந்த உப்பலையே பார்த்துக்கொண்டு நின்றார். அடுத்த வாரம் இரண்டாவது மாடியில் ஒரு கீபோர்டு நின்றுபோனபோது அவர் ரீஸ்டார்ட் பற்றிக் கேட்கவே இல்லையாம். லேப்டாப்பின் வயிற்றை லேசாகத் தடவிப் பார்த்து, "கேஸ் ட்ரபுள் எத்தனை நாளா?" என்றாராம்.