எள்ளுத் தாத்தா சொல்லும் சாட்சி

அடையாளம் தெரியாத உடல்களுக்குப் பெயர் தேடித்தரும் சாமானியர்களைப் பற்றி வாசகர்கள் கேட்டவை, இந்த இதழில்.

கேள்வி: போலீஸே கைவிட்டதை வீட்டில் உட்கார்ந்திருப்பவர்கள் கண்டுபிடித்துவிட முடியுமா? (தேனி)

பதில்: முடிந்திருக்கிறது. 1968 மே மாதம், அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் ஜார்ஜ்டவுன் ஊருக்கருகே, கூடாரத் துணியில் சுற்றிக் கட்டிய ஒரு பெண்ணின் உடலைக் கிணறு தோண்டும் தொழில் செய்தவர் பார்த்தார். பெயர் தெரியாததால் 'கூடாரப் பெண்' என்றே புதைத்தார்கள். உடலைப் பார்த்த அந்தத் தொழிலாளியின் மகளைக் காதலித்த டாட் மேத்யூஸ் என்ற இளைஞர் 1987-ல் இந்தக் கதையைக் கேட்டார். காதலி மனைவியான பிறகும் கதை அவரை விடவில்லை. தொழிற்சாலை வேலை போக மிச்ச நேரமெல்லாம் 'காணவில்லை' அறிவிப்புகளைப் படித்தார். 1998 ஜனவரியில், பக்கத்து லெக்சிங்டன் நகரில் காணாமல்போன தன் சகோதரியைத் தேடும் ஒரு பெண்ணின் குறிப்பு அவர் கண்ணில் பட்டது. உடலைத் தோண்டியெடுத்து மரபணுச் சோதனை செய்தார்கள். அவளேதான்! போலீஸ் முதலில் கணித்த வயது 16 முதல் 19. உண்மையில் அவளுக்கு 24. அந்தக் கணிப்பை மட்டும் நம்பித் தேடியிருந்தால் இன்னும் தேடிக்கொண்டிருப்பார்கள்.

கேள்வி: இதற்கு ஷெர்லாக் ஹோம்ஸ் மூளை வேண்டுமோ? (காரைக்குடி)

பதில்: நூலகர் மனசு போதும். நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் பேர் புரூக் காட்டில் 1985-லும் 2000-த்திலும் கிடைத்த இரண்டு பீப்பாய்களுக்குள் ஒரு பெண், மூன்று சிறுமிகள் என நான்கு உடல்கள் இருந்தன. ரெபேக்கா ஹீத் என்ற நூலகர், உறவுகளைத் தேடி யார் யாரோ எப்போதோ எழுதிவைத்த பழைய குறிப்புகளை வரிவரியாகப் படித்தார். பொருந்திய ஒரு குடும்பத்தைக் கண்டு காவல்துறையிடம் சொன்னார். அதே சமயத்தில், வேர் இல்லாத தலைமுடியிலிருந்து எடுத்த மரபணுவும் அதே குடும்பத்தில் போய் நின்றது. 2019-ல் நால்வரில் மூவருக்குப் பெயர் கிடைத்தது.

கேள்வி: உடலில் எதைப் பார்த்து ஆளைக் கண்டுபிடிக்கிறார்கள்? (திருப்பூர்)

பதில்: உங்கள் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். 'அங்க மச்ச அடையாளங்கள்' என்று இரண்டு வரி இருக்கும். நாம் கேலி செய்த அந்த இரண்டு வரிதான் இங்கே தலையெழுத்து. மச்சம், தழும்பு, பல், பச்சை குத்தியது. 1992-ல் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் நகரில் ஆற்றில் கிடைத்த பெண்ணின் கையில் ஒரு பூவைப் பச்சை குத்தியிருந்தது. 2023 மே மாதம் இன்டர்போல், பெயர் தெரியாத 22 பெண்களின் விவரங்களைப் பொதுமக்கள் முன் வைத்தது. பிரிட்டனில் செய்தி பார்த்த ஒரு குடும்பம் அந்தப் பூவை அடையாளம் கண்டது. 31 வருடம் ஆய்வகம் சொல்லாததை உறவின் கண் ஒரு பார்வையில் சொன்னது.

கேள்வி: டி.என்.ஏ. இருக்கும்போது இந்த ஆர்வலர்கள் எதற்கு? (நாகர்கோவில்)

பதில்: டி.என்.ஏ. பேசாது, யாரோடு ஒத்துப்போகிறது என்று மட்டும் காட்டும். பெரும்பாலும் முன்பின் பார்த்திராத தூரத்து உறவு ஒருவரைத்தான் காட்டும். அவருக்கும் இறந்தவருக்கும் பொதுவான எள்ளுத் தாத்தா யார் என்று பிடித்து, அவர் பிள்ளைகள், பேரன்கள், கொள்ளுப் பேரன்கள் என்று கிளை கிளையாக இறங்கிவந்து, 'இந்தக் கிளையில் ஒருத்தி எங்கே போனாள்?' என்று கேட்க மனிதர் வேண்டும். இதற்காகவே மர்ம நாவலாசிரியர் மார்கரெட் பிரஸ்ஸும் ஆய்வாளர் கொலீன் ஃபிட்ஸ்பாட்ரிக்கும் 2017-ல் 'டி.என்.ஏ. டோ புராஜெக்ட்' அமைப்பைத் தொடங்கினார்கள். அதில் உழைப்பவர்கள் பெரும்பாலும் தன்னார்வலர்கள். ஒஹாயோவில் மான்தோல் சட்டையோடு 1981-ல் கிடைத்த பெண்ணின் பெயரை 2018-ல் கண்டார்கள். 37 வருடப் புதிருக்கு வம்சாவளி வேலை பிடித்தது ஏறக்குறைய நான்கு மணி நேரம்!

கேள்வி: அதை நம்மூரிலும் செய்துவிடலாமே? (சென்னை)

பதில்: இரண்டு முட்டுக்கட்டைகள். ஒன்று, இப்படி உறவை ஒப்பிட்டுப் பார்க்கும் மரபணுத் தொகுப்புகளில் இருப்பவர்களில் பெரும்பாலானோர் ஐரோப்பிய வம்சாவளியினர். நம் ஆட்கள் மிகக் குறைவு. இரண்டு, அத்தை மகன், மாமன் மகள் என்று தலைமுறை தலைமுறையாகச் சொந்தத்திலேயே முடித்த குடும்பங்களில், தூரத்து உறவுகூட மரபணுவில் நெருங்கிய உறவாகத் தெரியும். ஒரே ஆள் இரண்டு வழியில் உறவாக நிற்பார். நம்மிடம் இதற்கு மாற்று உண்டு. எந்த ஊர், எந்த வகையறா, யார் யாருக்குப் பங்காளி என்று விரல்விட்டுச் சொல்லும் பாட்டிமார்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவையுங்கள்.

கேள்வி: காணாமல்போன ஒவ்வொருவரையும் யாராவது தேடிக்கொண்டுதானே இருப்பார்கள்? (மதுரை)

பதில்: அப்படி நினைப்பதால்தான் பலர் கிடைப்பதில்லை. 1979 நவம்பரில் நியூயார்க் மாநிலத்தில் கேலடோனியா என்ற ஊரில் சுட்டுக் கொல்லப்பட்ட ஓர் இளம்பெண் கிடைத்தாள். 35 வருடம் பெயர் இல்லை. காரணம், அவளைக் காணவில்லை என்ற புகார் எந்தக் கோப்பிலும் இல்லை. 2014-ல் அவளுடைய பள்ளித் தோழி ஒருத்தி, 'அவள் என்ன ஆனாள்?' என்று விசாரித்து, புகாரே இல்லை என்று தெரிந்து பதியவைத்தார். சில வாரங்களில் கலிஃபோர்னியாவின் கார்ல் கோப்பல்மேன் அந்தப் புதிய பதிவைப் பார்த்து, இரண்டும் ஒரே ஆள் என்று சொன்னார். பெயர் தெரியாதவர்களின் முகங்களை வரைந்து தருபவர் அவர், தொழிலால் கணக்காளர். ஒரு பக்கம் கிடைத்தவர்கள், மறு பக்கம் தொலைந்தவர்கள். மறு பக்கத்தில் எழுதாமல் விட்டால் எந்தக் கணக்காளராலும் நேர்செய்ய முடியாது.

கேள்வி: மை போட்டுப் பார்ப்பவர்கள் உதவியிருக்கிறார்களா? (சேலம்)

பதில்: அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் 1983-ல் கிடைத்த ஒரு சிறுமியின் ஸ்வெட்டரை, பின்னாளில் குறி சொல்பவர் ஒருவருக்குத் தபாலில் அனுப்பினார்கள். அது தபாலில் தொலைந்தது. அந்தக் குழந்தையின் சாட்சிகளில் ஒன்று, அத்தோடு போயிற்று.

கேள்வி: ஆர்வக்கோளாறில் தப்பு நடக்காதா? (கோவை)

பதில்: நடக்கும். அதனால் மூன்று கட்டுப்பாடு. சந்தேகப்படும் பெயரைப் பொதுவில் சொல்லக் கூடாது. அந்தக் குடும்பத்துக்கு நாமே போன் செய்யக் கூடாது. கிடைத்ததை விசாரணை அதிகாரியிடம் கொடுத்துவிட்டு ஒதுங்க வேண்டும். 2001 செப்டம்பரில் வாஷிங்டன் மாநில விடுதி ஒன்றில் பொய்ப் பெயர் தந்து தங்கி, உயிரை மாய்த்துக்கொண்ட இளைஞரை 2018-ல் அடையாளம் கண்டார்கள். பெயரை வெளியிட வேண்டாம் என்று குடும்பம் கேட்டது, வெளியிடவில்லை. பெயர் அந்தக் குடும்பத்தின் சொத்து. நாம் அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பவர்கள் மட்டுமே.

கேள்வி: மர்மம் தீர்ந்தால் சப்பென்று ஆகிவிடாதா? (தஞ்சாவூர்)

பதில்: 1948 டிசம்பர் 1-ஆம் தேதி ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில், சோமர்ட்டன் கடற்கரையில் இறந்து கிடந்தவரை எழுபது வருடத்துக்கு மேல் உளவாளி என்றார்கள். காவல்துறை எடுத்துவைத்த அவருடைய முகவார்ப்பில் ஒட்டியிருந்த முடியிலிருந்து மரபணு எடுத்து, பேராசிரியர் டெரெக் அபட் 2022-ல் ஒரு பெயரை அறிவித்தார்: கார்ல் வெப், மெல்பர்னில் 1905-ல் பிறந்தவர், மின்கருவிகள் செய்யும் தொழில். கதை சிறுத்தது, மனிதர் பெரிதானார். எனக்கு அதுதான் லாபம்.

கேள்வி: எங்கள் செம்மணிப் புதைகுழி பற்றி ஒரு வார்த்தை? (யாழ்ப்பாணம்)

பதில்: 2025 ஆகஸ்ட் 5-ஆம் தேதி, அங்கே எலும்புகளோடு கிடைத்த உடைகளையும் பொருள்களையும் நீதிமன்ற உத்தரவுப்படி மக்கள் பார்வைக்கு வைத்தார்கள். அகழ்வில் ஒரு குழந்தையின் நீலப் புத்தகப் பையும் கிடைத்திருந்தது. தங்கள் பிள்ளையின் சட்டைத் துணி தெரிகிறதா என்று பார்க்கப் பல வருடம் காத்திருந்தவர்கள் வந்தார்கள். அவர்களைவிடப் பெரிய துப்பறிவாளர் இந்த உலகத்தில் இல்லை. அவர்களுக்குத் தேவை, கடைசி எலும்புவரை நேர்மையாக நடக்கும் மரபணுச் சோதனை.

கேள்வி: வீட்டில் ஒருவர் காணாமல்போனால் என்ன செய்ய வேண்டும்? (புதுக்கோட்டை)

பதில்: 'வந்துவிடுவார்' என்று காத்திருக்காமல் அன்றைக்கே புகார் கொடுத்து நகலை வாங்குங்கள். பல் தெரியச் சிரிக்கும் படம், பல் வைத்தியரின் சீட்டு, எலும்பு முறிந்து பிளேட் வைத்த விவரம், பச்சை, தழும்பு எல்லாவற்றையும் கொடுங்கள். எத்தனை வருடம் ஆனாலும் கோப்பை மூடவிடாதீர்கள்.

கேள்வி: பெயர் கிடைத்தால் செத்தவருக்கு என்ன வந்தது? (விழுப்புரம்)

பதில்: ஒரு திதி கொடுக்கக்கூடப் பெயர் சொல்லித்தானே எள்ளும் தண்ணீரும் விடுகிறோம்? ஜார்ஜ்டவுன் மயானத்தில் 'கூடாரப் பெண்' என்று ஊர் வைத்த கல்லை, பெயர் தெரிந்த பிறகும் அவள் குடும்பம் அகற்றவில்லை. அதன் கீழே அவள் பெயரோடு இன்னொரு கல்லை வைத்தார்கள். முதல் கல், முகம் தெரியாதவளை முப்பது வருடம் பார்த்துக்கொண்ட ஊருக்கு. இரண்டாவது கல் அவளுக்கு.