பங்காளி வந்திருக்கான்

வா மாப்ளே, சப்பாத்தைக் கழட்டாத, இஸ்தோப்பு பூரா தண்ணி. அந்தப் பலகையில உக்காரு. சாயத்தண்ணி இருக்கு, கருப்பட்டியைக் கடிச்சுக்கிட்டுக் குடி. கையில என்ன, காயிதமா? நீயே படி. எனக்குக் கண்ணாடி உடைஞ்சு போச்சு.

‘தோட்டக் கம்பெனியும் தோட்டச் சமூகமும் மரம் வளர்க்கும் பங்காளிகள்.’ அடேங்கப்பா! உத்தியோகம் கிடைச்ச சந்தோசத்துல இந்தச் சொல்லை நீ நின்னு பாக்கல போல.

பங்காளின்னா யாருடா? அண்ணன் தம்பி வம்சம். பாட்டன் சொத்துல பங்கு உள்ளவன். பங்கு இருக்கிறதாலதான் வரப்புக்கு வெட்டிக்கிறான், கோர்ட்டு ஏறுறான். வழக்குப் போடக்கூட ஒரு முழ மண்ணு வேணும்ல? அது போக, பங்காளி வீட்டுல சாவு விழுந்தா காரியம் முடியிற வரைக்கும் தீட்டு. நம்ம லயத்துல ஒரு கெழவி செத்தா கொழும்பு ஆபீஸ்ல தலை முழுகுவாங்களா? விசாரிச்சுட்டு வந்து சொல்லு. நான் உனக்கு மாமன், பங்காளி இல்ல. அதனாலதான் நல்லது சொல்றேன்.

‘இழந்த காட்டை மீட்போம்’னு வேற போட்டிருக்கு. எப்படித் தொலைஞ்சதுன்னு போடலியா? 1840-ல வெள்ளைக்காரன் ஒரு சட்டம் போட்டான். உறுதி காட்ட முடியாத காடும் தரிசும் முடிக்குச் சொந்தம்னுட்டான். பக்கத்துக் கிராமத்துச் சிங்கள ஆளுங்களும் நம்ம பாட்டன்மாரும் வெட்டி எரிச்ச இடத்துலதான் கோப்பி வந்துச்சு. 1869-ல கோப்பி இலையில நோய் கண்டுச்சு, போகப் போக அத்தனையும் அழிஞ்சு தேயிலை ஆச்சு. தேயிலை காய வைக்க வெறகு வேணுமே, ஆஸ்திரேலியாவுல இருந்து கருப்பந்தைல மரத்தைக் கொண்டாந்தாங்க. கப்பல் ஏறி வந்தது நாம மட்டும் இல்ல மாப்ளே, மரமும்தான். என்ன, 1948-ல யாரும் அதோட குடியுரிமையைப் பறிக்கல.

இப்ப தோட்டம் யாருது? அரசாங்கத்துது. 1992-ல கம்பெனிங்க கையில கொடுத்தாங்க. 53 வருசக் குத்தகை, 2045-ல முடியுது. விரலை மடக்கு. கருப்பந்தைலம் பலகைக்கு ஆகணும்னா இருபது இருபத்தஞ்சு வருசம் நிக்கணும். நீ இன்னைக்கு நடச் சொல்ற கண்ணு பருத்து நிக்கிறப்போ குத்தகையே முடிஞ்சிருக்கும். பங்கை யாருக்கிட்ட கேப்ப? போன கம்பெனிக்கிட்டயா, வர்ற கம்பெனிக்கிட்டயா, மந்திரிக்கிட்டயா?

கணக்கப்பிள்ளை மக கொழும்புல கணக்கு படிக்குதே, தீவாளிக்கு வந்தப்போ ஒரு வேடிக்கை சொல்லுச்சு. 2012-ல இருந்து புதுக் கணக்கு முறையாம். நிக்கிற மரத்துக்கு ‘உயிரியல் சொத்து’ன்னு பேராம். வருசா வருசம் மதிப்புப் போட்டு, ஏறின மதிப்பை வெட்டாம விக்காம லாபத்துல எழுதிக்கலாமாம். கேட்டதுல இருந்து அந்த மேட்டு மரத்தைப் பாத்தா எனக்குத் துண்டை இடுப்புல கட்டத் தோணுது. நின்ன இடத்துலயே சம்பாதிக்குது பாரு! நான் நாப்பது வருசம் கவ்வாத்து வெட்டினேன், ஒரு வருசமாச்சும் என்னைச் சொத்துப் பக்கத்துல எழுதியிருப்பாங்களா? செலவுப் பக்கம்தான்.

போன மாசக் காத்துல அந்தச் சொத்துல ஒன்னு முறிஞ்சு நம்ம காம்பரா மேல விழுந்துச்சு. அந்தா பாரு, நசுங்கின தகரம். மறுநாள் காலையில ஆபீஸ்ல இருந்து ஒரு ஐயா நாடாவோட வந்தாரு. பரவாயில்லையேன்னு உன் அத்தை தேத்தண்ணி ஊத்தினா. அவரு அடிமரத்தைச் சுத்தி நாடா பிடிச்சாரு, நீளத்தை அளந்தாரு, சோக்குல நம்பர் போட்டாரு, தேத்தண்ணியைக் குடிச்சுட்டுப் போயிட்டாரு. கூரையை அளக்க இன்னும் ஆள் வரல. அத்தை ஒரு கிளையை இழுத்தா, வாச்சர் ‘விடு, தோட்டத்து மரம்’னாரு. கவ்வாத்து மலையில மிலாறு பொறுக்கித்தான் அன்னைக்கு உலை கொதிச்சுது. கூரை மேல கிடந்தப்போ மட்டும் அது யாரு மரம்னு யாரும் சொல்லல.

கனடாவுல இப்படிப் பங்காளியாத்தான் மரம் வளர்க்கிறாங்கன்னு உனக்குப் படம் காட்டினாங்களாமே. உன் தங்கச்சி போன்ல தேடி மிச்சத்தை எனக்குப் படிச்சுக் காட்டினா. வன்கூவர் தீவுல கிளேயோகுவாட்டுங்கிற இடம். 1993-ல மரம் வெட்ட விடாம ரோட்டை மறிச்சு 800 பேருக்கு மேல கைதானாங்க. அதுக்கப்புறம்தான் 1998-ல நூச்சாநூல்த் சனமும் மக்மில்லன் புளோடல் கம்பெனியும் சேந்து ‘ஈசாக்’னு ஒன்னு ஆரம்பிச்சாங்க. அவங்க பாசையில ஈசாக்னா மரியாதை. பங்கு சனத்துக்கு 51, கம்பெனிக்கு 49. பின்னால அந்த 49-ஐயும் சனமே வாங்கிடுச்சு. நியூசிலாந்துல 2008 ஒப்பந்தத்துல 176,000 ஹெக்டேர் காட்டு மண்ணை மவோரிகளுக்குத் திருப்பிக் கொடுத்தாங்க. மேல நிக்கிற மரம் கம்பெனிக்குத்தான், ஆனா மண்ணுக்கு வாடகை வைக்கணும். உன் காயிதத்துல 51 எந்தப் பக்கம் இருக்கு, புரட்டு பாப்போம்.

என்ன, ‘அவங்கெல்லாம் ஆதிவாசிங்க மாமா’ங்கிறியா? சரி, நம்ம நாட்டு ஆதிவாசியையே எடுத்துக்க. தம்பானையில ஆதிவாசித் தலைவரு ஊருவரிகே வன்னில அத்தோ இருக்காரே, 2020-ல அவரே மேன்முறையீட்டுக் கோர்ட்டுக்குப் போனாரு. பொல்லேபெத்தப் பக்கம் மூதாதைக் காட்டைச் சோளம் போடக் கம்பெனிகளுக்குக் கொடுக்கிறாங்கன்னு வழக்கு. அவரு சனத்துக்கு ஆயிரக்கணக்குல வருசம், நமக்கு 200. வரிசையில நாம எங்க நிக்கிறோம்னு பாத்துக்க.

மூஞ்சியைத் தொங்கப் போடாத. இந்தக் காயிதத்துல கையெழுத்துப் போட மாட்டேன்னு சொல்லல. வெறுங்கையோட அனுப்பினா உங்கம்மா என்னை லயம் முழுக்கத் திட்டும். ‘பங்காளிகள்’ங்கிறதை அடிச்சுட்டு ‘கூலிக்கு நடுவோர்’னு எழுதிட்டு வா, இந்த நிமிசமே போடுறேன். சொல்லு அழகா இருக்கு, அடிக்க மனசு வரலன்னா, எந்த மலை, எத்தனை ஏக்கர், 2045-க்குப் பொறகு யாரு பேருல, முறிஞ்சு விழுந்தா வெறகு யாருக்கு, கூரை யாருக்குன்னு கீழ எழுதிக்கிட்டு வரச் சொல்லு.

கூட்டம் வியாழக்கிழமை காலையிலன்னு இருக்கே. அன்னைக்குக் கொழுந்துக்குப் போகாம வர்ற பொம்பளைங்களுக்குக் கூலிக்குப் பேர் போடுவாங்களா? முழுப்பேரா, அரைப்பேரா? முதல்ல அதைப் பெரிய கிளாக்கர்கிட்ட கேட்டுட்டு வா. அதுக்குள்ள நான் கண்ணாடியை எங்க வெச்சேன்னு தேடிப் பாக்கிறேன்.