தாடியைப் பார்க்காதீர்கள், முழங்காலைப் பாருங்கள்

கேள்வி: கேரி தீவில் செம்பனைக் குலை வெட்டி ஓய்வு பெற்றவன் நான். மூட்டு வலிக்குத் தாய்ச்சி நல்லது என்று கிள்ளானில் இருக்கும் மகள் சொல்கிறாள். நல்ல சிஃபுவை, அதாவது ஆசானை, எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: வெள்ளைத் தாடியையும் பட்டுச் சட்டையையும் பார்த்து மயங்காதீர்கள். இரண்டும் கடையில் கிடைக்கும். பணம் கட்டும் முன் ஒரு வகுப்பு முழுக்க ஓரமாக உட்கார்ந்து, சிஃபுவின் பழைய மாணவர்களைக் கவனியுங்கள். எடையை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாற்றும்போது முழங்கால் பாதம் நோக்கும் திசையிலேயே போகிறதா, உள்ளே மடங்குகிறதா? மடங்கினால், அங்கே மூட்டு வலிதான் கற்றுத் தருகிறார்கள். அது உங்களிடம் ஏற்கெனவே கையிருப்பில் இருக்கிறது.

உங்கள் மூட்டு, ரத்த அழுத்தம் பற்றி முதல் நாளே விசாரிக்காமல் ‘இன்னும் தாழ, இன்னும் தாழ’ என்பவர் வேண்டாம். தொடாமலே ஆளைத் தள்ளுவேன், இனிப்பு நீரை விரட்டுவேன் என்பவரிடமிருந்து நீங்களே தள்ளிப் போய்விடுங்கள்.

யாரிடம் கற்றார் என்றும் கேளுங்கள். தாய்ச்சி ஆசான் செங் மான்சிங்கின் சீடர் ஹுவாங் ஷெங்ஷியான், 1970இல் கூச்சிங்கில், 60 வயதில், ஒரு மல்யுத்த வீரரை 26-0 என்று வீழ்த்தியவர். அவர் வழி வந்தவர்கள் இன்றும் மலேசியாவில் கற்றுத் தருகிறார்கள். பெயரைக் கேட்டதும் கும்பிட்டுவிடாதீர்கள். அங்கும் முழங்கால்தான் சாட்சி.

தொடக்கத்துக்கு, 1956இல் சீனாவில் சுருக்கி அமைத்த 24 அசைவுகளே தாராளம். டாக்டரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கையோடு மகளையும் வகுப்பில் சேர்த்துவிடுங்கள். யோசனை சொன்னவர் வேடிக்கை பார்க்கக் கூடாது.