ஏழு வெற்றிக்கு ராஜமரியாதை

அமெரிக்கக் கால்பந்தில் தகுதி என்பது ஜாதகம் மாதிரி. பிறந்த இடம் வாய்த்துவிட்டால் ஆட்டமெல்லாம் அப்புறம்தான்.

என்.எஃப்.எல். லீகில் 32 அணிகள், இரண்டு கான்ஃபரன்ஸ். ஒவ்வொன்றிலும் நான்கு டிவிஷன், டிவிஷனுக்கு நான்கு அணி. அந்த நாலு பேரில் முதலில் வந்தால் போதும், பிளேஆஃப் என்னும் நாக்-அவுட் சுற்றில் இடமும் நிச்சயம், முதல் நான்கு தரவரிசையில் ஒன்றும் நிச்சயம். மிச்சம் மூன்று இடம் வைல்டு கார்டு. அந்த வழியாக வருபவன் எத்தனை வென்றிருந்தாலும் முதல் சுற்றில் மூட்டையைக் கட்டிக்கொண்டு அடுத்தவன் ஊருக்குப் போக வேண்டியதுதான்.

2010 பருவத்தில் சியாட்டில் ஏழு வென்று ஒன்பது தோற்றது. அதன் டிவிஷனில் மற்ற மூவரும் அதைவிட உருப்படியாக ஆடவில்லை. ஆகவே மாலை மரியாதை சியாட்டிலுக்கு. பதினொன்று வென்ற நடப்புச் சாம்பியன் நியூ ஆர்லியன்ஸ் அங்கே போய் ஆடித் தோற்றது. அதற்கு இரண்டு பருவம் முன்பு, பதினொன்று வென்ற நியூ இங்கிலாந்து வீட்டிலேயே உட்கார்ந்தது. எட்டு வென்ற சான் டியேகோ உள்ளே நுழைந்தது. கேட்டால், டிவிஷன் பாரம்பரியம் என்பார்கள். டெக்சாஸில் இருக்கும் டாலஸை 'கிழக்கு' டிவிஷனில் வைத்திருக்கும் பாரம்பரியம். நியூயார்க்கோடும் பிலடெல்பியாவோடும் டாலஸ் மோதினால் டி.வி. முன்னால் கூட்டம் கூடும் என்றால், சூரியன் டாலஸிலேயே உதித்துவிட்டுப் போகட்டும்!

வெற்றிக் கணக்கைப் பார்த்துத் தரவரிசை போடுங்கள் என்று 2025இல் டெட்ராய்ட் கேட்டது. ஆதரவு தேறவில்லை, மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

சரி, டிவிஷன் சாம்பியனின் சொந்த மைதான உரிமையாவது புனிதமா? 2023 ஜனவரியில் சின்சினாட்டியில் ஒரு வீரரின் இதயம் களத்திலேயே நின்றது. உயிர் பிழைத்தார், ஆட்டம் ரத்து. உடனே அணி முதலாளிகள் கூடி, கணக்கில் ஒரு ஆட்டம் குறைந்ததைக் காட்டி, பருவம் முடியும் நேரத்தில் விதியை மாற்றினார்கள். டிவிஷனை ஏற்கெனவே கைப்பற்றிவிட்ட சின்சினாட்டி, கடைசி ஆட்டத்தில் பால்டிமோரிடம் தோற்று, அதே அணியையே முதல் சுற்றிலும் சந்திக்க நேர்ந்தால், எந்த ஊரில் ஆடுவது என்பதை நாணயம் சுண்டித் தீர்மானிப்பார்களாம். சின்சினாட்டியின் ஜோ மிக்சன் அந்தக் கடைசி ஆட்டத்தில் டச்டவுன் போட்டார், கையுறையிலிருந்து ஒரு காசை எடுத்துச் சுண்டிக் காட்டினார். லீக் அவருக்கு அபராதம் போட்டது. காசு சுண்டுவது நிர்வாகத்தின் ஏகபோகம் போலிருக்கிறது.

2020இல் பிளேஆஃபின் பன்னிரண்டு அணிகளைப் பதினான்காக்கினார்கள். முன்பு கான்ஃபரன்ஸுக்கு இரண்டு அணிக்கு முதல் சுற்று ஓய்வு கிடைத்தது, இப்போது ஒன்றுக்குத்தான். விற்பதற்கு இரண்டு ஆட்டம் கூடுதல், மோதி முறிவதற்கும் அதே இரண்டு. 2024 ஜனவரியில் கேன்சஸ் சிட்டி–மயாமி ஆட்டத்தை பீகாக் என்னும் கட்டணச் செயலிக்கு விற்றார்கள். அந்த இரண்டு ஊருக்கு வெளியே இருப்பவன் சந்தா கட்டினால்தான் தரிசனம். ஆட்டம் சனிக்கிழமை இரவு. குளிர் மைனஸ் 20 செல்சியஸ். கேன்சஸ் சிட்டி பயிற்சியாளர் ஆண்டி ரீடின் மீசையில் பனி உறைந்து தொங்கியது. அவருடைய குவாட்டர்பேக் மஹோம்ஸின் ஹெல்மெட் மோதலில் உடைந்து சில்லு பறந்தது. காசு கொடுத்து உட்கார்ந்து பார்த்தவர்களில் சிலருக்கு, பனி கடித்த விரல்களை வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று என்று உள்ளூர் மருத்துவமனை பிறகு சொன்னது.

பீகாக்கில் கூட்டம் அள்ளியது. அடுத்த பருவத்தில் ஒரு வைல்டு கார்டு ஆட்டம் அமேசானுக்குப் போனது. அதுவும் சனிக்கிழமை இரவுதான்.