திருடன் முதலில் தேடும் சர்வர்

கே: பெரிய நிறுவனம் ஒன்றின் தகவல் பாதுகாப்புப் பிரிவில் சேரப்போகிறேன். முதல் மாதமே அசத்த என்ன செய்யலாம்?
(வாசகி, சேலம்)

ப: முதல் மாதம் காதுக்கு வேலை கொடுங்கள். எத்தனை சர்வர், எத்தனை கணக்கு, எதற்கு யார் பொறுப்பு என்று துறைதுறையாகக் கேளுங்கள். மூன்று துறை மூன்று பட்டியல் தரும். மூன்றிலும் இல்லாத சர்வர் ஒன்று எங்கோ ஓடிக்கொண்டிருக்கும். திருடன் முதலில் தேடுவது அதைத்தான்.

2021 மே மாதம் அமெரிக்காவின் கலோனியல் பைப்லைன் நிறுவனத்தைத் தாக்கியவர்கள் வந்த வழி, புழக்கத்தில் இல்லாமல் விட்டிருந்த பழைய விபிஎன் கணக்கு. ஓடிபி போன்ற இரண்டாவது சரிபார்ப்பு அதற்கு இல்லை. கடவுச்சொல் ஒன்றே போதுமானதாக இருந்தது. எரிபொருள் குழாயைச் சில நாட்கள் மூட நேர்ந்தது. தாக்கியவர்களுக்கு நிறுவனம் கட்டிய பணயத்தொகை ஏறத்தாழ 44 லட்சம் டாலர். எனவே, வேலையை விட்டுப் போனவர்களின் கணக்குகள் மூடப்பட்டனவா என்று முதல் வாரமே பார்த்துவிடுங்கள். செலவில்லாத வேலை, அதைவிடப் பயனுள்ள வேலையும் அந்த வாரத்தில் கிடைக்காது.

கே: மாதம் ஒருமுறை எல்லோரும் கடவுச்சொல்லை மாற்ற வேண்டும் என்று விதி போடலாமா?

ப: போட்டால் ‘சென்னை1’ அடுத்த மாதம் ‘சென்னை2’ ஆகும். கசிந்ததற்கு அடையாளம் தெரிந்தால் மாற்றச் சொல்லுங்கள், சும்மா சும்மா மாற்றச் சொல்லாதீர்கள் என்று அமெரிக்காவின் நிஸ்ட் அமைப்பு 2017லேயே அறிவுறுத்திவிட்டது.

கே: போலி மின்னஞ்சல் அனுப்பி ஊழியர்களைச் சோதிக்கப்போகிறோம். ஏமாறுபவர்களின் பெயரை எல்லோருக்கும் அறிவிக்கலாம் என்கிறார் என் மேலாளர்.

ப: தயவுசெய்து தடுத்துவிடுங்கள். இன்று தலைகுனிந்தவர், நாளை நிஜமான மோசடி இணைப்பைத் தொட்டுவிட்டால் வாயே திறக்க மாட்டார். இணையப் பாதுகாப்புச் சம்பவம் கவனத்துக்கு வந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் பிறப்பித்த உத்தரவு. உங்கள் கடிகாரம் தகவல் தெரிந்த பிறகுதான் ஓடும். திருடனின் கடிகாரமோ ஊழியர் இணைப்பைத் தொட்ட நொடியிலேயே ஓடத் தொடங்கிவிடும். “சார், தெரியாமல் தொட்டுட்டேன்” என்று ஓடிவருபவருக்கு நாற்காலி போட்டு, நன்றி சொல்லுங்கள். அந்த நிறுவனத்தில் உங்களுக்குக் கிடைக்கும் மிகச் சிறந்த எச்சரிக்கைக் கருவி அவர்தான்.

கே: “பேக்கப் இருக்கிறது, கவலை வேண்டாம்” என்கிறார்கள். நம்பலாமா?

ப: “கடைசியாக எப்போது மீட்டுப் பார்த்தீர்கள்?” என்று கேளுங்கள். பதில் வராவிட்டால், அன்றே ஒன்றை மீட்டுக் காட்டச் சொல்லுங்கள். 2022 நவம்பரில் தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் தாக்கப்பட்டபோது, நோயாளிகள் பதிவு உட்படப் பல வேலைகளைப் பல நாட்கள் கையால் செய்ய வேண்டியதாயிற்று. வரிசையில் நின்றவர்கள் நோயாளிகள்.

கே: என் வேலை என்னவென்று அம்மாவுக்குப் புரியவைக்க முடியவில்லையே?

ப: வேலையைச் செய்தே காட்டுங்கள். இணையவழிப் பண மோசடி நடந்தால் உடனே அழைக்க வேண்டிய எண் 1930. அதை இன்றே அம்மாவின் போனில் பதிந்து கொடுங்கள்.