மதுரை மொட்டைமாடிகளில் காலிஃபிளவர்: ஓர் ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

மதுரை மாநகரத்து மொட்டைமாடிகளில் நடப்படும் காலிஃபிளவர்ச் செடிகள் பல, இலையாகவே வாழ்ந்து இலையாகவே மறைகின்றன. இதற்கான காரணத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. நிலவும் கோட்பாடுகள்

இப்பொருளில் மூன்று மரபுகள் உள. கண் பட்டுவிட்டது என்பது மாமியார் மரபு. பஞ்சகவ்யம் போதவில்லை என்பது இயற்கை மரபு. "இந்த வெயிலுக்கெல்லாம் இது சரிப்படாதுண்ணே" என்று நாற்றை விற்ற பிறகு தெரிவிப்பது நர்சரி மரபு. மூன்றும் கண்ணையோ உரத்தையோ ஊரையோ பழிக்கின்றன. நாள் பார்க்காமல் விதைத்தவரே குற்றவாளி என்பது இவ்வாய்வின் கருதுகோள்.

3. வரலாறு

காலிஃபிளவர் 1822-இல் இந்தியாவுக்கு வந்து, சகாரன்பூர் கம்பெனித் தோட்டத்தில் விதைக்கப்பட்டது. வடநாட்டு உழவர்கள் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்த பிறகே வெப்பம் தாங்கும் இந்திய வகைகள் உருவாயின. பூசா தீபாலி போன்றவை அவ்வழி வந்தவை. சமவெளிக்கு இவையே உகந்தவை. குளிர்நாட்டு விதையை வாங்கிவந்து மதுரைப் புதூர் மாடியில் தூவுவோர் வரலாறு படிக்காதவர்.

நாம் பூ என்று வாங்குவது உண்மையில் பூவன்று. பூவாக முயன்று, முடியாமல், மறுபடி முதலிலிருந்து தொடங்கும் குருத்துகளின் கூட்டம் என்று 2021-இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் விளக்கினர். அந்தத் தோல்வி ஒழுங்காக நடக்கவும் குளிர் வேண்டும். வெப்பம் தாங்கும் வகைக்கே சராசரி 20 முதல் 25 டிகிரி தேவை.

4. காலக்கணிதம்

மதுரையில் அந்தக் குளிர் மார்கழியிலும் தையிலும் மட்டுமே எட்டிப் பார்க்கும். ஆகவே ஆவணி மூலத் திருவிழாவின்போது நிழலில் விதைக்க வேண்டும். 25, 30 நாள் நாற்றை நவராத்திரி வாக்கில், ஒரு வளர்ப்புப் பைக்கு ஒன்றாக நட வேண்டும். வடிகால் துளையை ஐப்பசி மழைக்கு முன்பே குத்திப் பார்த்துக்கொள்க. மார்கழியில் பூ திரளும். முற்றிய நாற்றை நட்டாலோ தழைச்சத்து குறைந்தாலோ பொத்தான் அளவில் பூத்து நின்றுவிடும். பொங்கல் முடிந்து விதைத்தவருக்கு, அழகர் ஆற்றில் இறங்கும் வேளையில் தரிசனம் கிட்டும், காலிஃபிளவர் கிட்டாது.

5. களச் செயல்முறை

பூ எலுமிச்சை அளவு வந்ததும் வெளி இலைகளை மேலே மடித்து, மல்லிகைச் சரத்தில் மிஞ்சிய வாழைநாரால் தளர்வாகக் கட்டுக. கொண்டை போட்டதுபோல் இருக்கும். கட்டாவிட்டால் வெயில் பட்டு மஞ்சளாகும். விருந்தாளி வரும்போதெல்லாம் கட்டை அவிழ்த்துக் காட்டும் வழக்கம் இவ்வட்டாரத்தில் பரவலாக உள்ளது. இதைப் பூச்சித் தாக்குதலில் சேர்ப்பதா, பெருமையில் சேர்ப்பதா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு.

பூச்சிகளில் தலையாயது வைரமுதுகு அந்துப்பூச்சி. அதன் பச்சைப் புழுவைத் தொட்டால் துள்ளி, நூல் விட்டுத் தொங்கும். பக்கத்தில் ஒரு தொட்டியில் கடுகு விதைத்தால் அந்துப்பூச்சி முட்டையிட அங்கே போகும்.

6. முடிவுகள்

கருதுகோள் மெய்ப்பிக்கப்பட்டது. எனினும் இரு சிக்கல்கள் எஞ்சுகின்றன. மருந்தே அடிக்கவில்லை என்று சத்தியம் செய்து சமையலறையில் கொடுத்த பூவும், கடைப் பூவைப் போலவே மஞ்சளும் உப்பும் போட்ட வெந்நீரில் முக்கப்படுகிறது. வளர்த்தவர் சொல்லுக்குச் சான்று மதிப்பு இல்லை என்பது இதனால் பெறப்படும்.

இரண்டாவது சிக்கல் பொருளாதாரம் சார்ந்தது. தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை மதுரை அண்ணா நகரில் 1999 நவம்பர் 14 அன்று திறக்கப்பட்டது. மாடியில் பூ திரளும் மார்கழியில்தான் அங்கும் காலிஃபிளவர் வந்து குவியும். ஆதலால் அறுவடை வாரத்தில் ஆய்வாளர் சந்தையின் விலைப்பலகைப் பக்கம் தலைவைத்துப் படுக்கலாகாது. தை பிறந்த பின் விலை விசாரிக்கலாம்.